நாத்தனாரின் இங்கிலீஷ்

அந்தக் குடியிருப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் உட்காரும் காவலாளி முதல் மொட்டைமாடியில் துணி காயப்போடும் பெண்கள் வரை எல்லோருக்கும் அவள் டப்பிங் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அது உறவு இல்லை, பட்டம். பிள்ளைகள் படிக்கட்டில் வழிமறித்து, "அந்த அணில் மாதிரி பேசுங்க அக்கா" என்பார்கள். காய்கறிப் பையோடு நின்று ஒரு நிமிஷம் அணிலாகப் பேசிவிட்டுத்தான் அவளால் மேலே ஏற முடியும்.

இருபது வருஷத்துக்கு மேலாக அவள் மற்ற முகங்களுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். கதாநாயகியின் தோழி, வில்லனின் மனைவி, சோப்பு விளம்பரத்து மாமியார், கார்ட்டூனில் அணில், ஆமை, ஒரு முறை பேசும் அலமாரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். இந்தப் பக்கம் மங்கலான அறையில் ஒரு மைக், ஒரு சின்னத் திரை, ஒரு தண்ணீர் பாட்டில். அந்த வேலையை அவளுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. கூட்டத்தில் "பிடிங்க, விடாதீங்க" என்று கத்தும் குரல்களில் ஒன்றாகப் போய் நின்று, பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். அப்படிக் கற்றவர்களுக்கு வரும் பிடிவாதங்கள் அவளுக்கும் வந்தன. வசனத்தைப் படிக்கும் முன் வாயைப் பார்க்க வேண்டும். வாயைப் பார்க்கும் முன் மூச்சைப் பார்க்க வேண்டும். ஒலியை நிறுத்திவிட்டு, திரையில் இருப்பவள் எங்கே மூச்சு இழுக்கிறாள், எங்கே எச்சில் விழுங்குகிறாள், தாடை எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பாள். அது தன் உடம்பில் வந்து உட்கார்ந்த பிறகுதான் வார்த்தை. "மூச்சு பொருந்திட்டா வார்த்தை நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வந்துடும்" என்பாள்.

இன்னொரு பிடிவாதம், நகலைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது என்பது. மீன்காரிக்குப் பேச வேண்டுமானால் மீன் சந்தையில் போய் நிற்பாள். படத்தில் மீன்காரியாக நடித்தவளைப் பார்க்க மாட்டாள். இந்த இரண்டு பிடிவாதங்களும்தான் அவளுக்குத் தொழிலில் பேர் வாங்கிக் கொடுத்தன. பின்னால் அவளைக் குழியில் தள்ளியதும் இவைதான்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று கணவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். திரையில் தன் வாய் அசைய வேண்டும். அதிலிருந்து தன் குரல் வர வேண்டும். ஒரே ஒரு படம் போதும். சின்ன வயதில் இரண்டு இடங்களில் நடிக்கக் கேட்டுப் போனாள். இரண்டு இடத்திலும் குரல் பிரமாதம் என்றார்கள். முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. தியேட்டரில் தன் குரல் வேறொருத்தியின் உதட்டிலிருந்து வரும்போதெல்லாம், தன் சேலையை இரவல் வாங்கிப் போனவள் கல்யாண வீட்டில் எதிரே வந்து நிற்பதுபோல் இருக்கும்.

இத்தனை வருஷம் கழித்து அந்த வாய்ப்பு ஒலிப்பதிவாளர் மூலமாக வந்தது. எந்நேரமும் கழுத்தில் ஹெட்போன் மாட்டியிருப்பதால் அவருக்கு ஹெட்போன் என்றே பேர்.

"வெளிநாட்டுக்காரங்க படம் ஒண்ணு. நம்ம பக்கத்துல இருந்து போயி, இங்கிலாந்துல வடக்குப் பக்கம் ஒரு ஆலை ஊர்ல முப்பது வருஷம் வேலை பார்த்த பொம்பளை. அவதான் கதையே. உன் வயசுதான். முகம் பார்க்க சாதாரணமா இருக்கணுமாம். உடனே உன்னைத்தான் நெனச்சேன்."

"நல்ல வார்த்தைண்ணே. வாழ்க்கைல இதைவிட ஒருத்தர் என்னைப் புகழ்ந்ததில்லை."

"அட, கேளும்மா. இங்கிலீஷ் அந்த ஊர் இங்கிலீஷாவே இருக்கணும். அதுல ஒரு சொல் பிசகினாலும் வேண்டாம்கறாங்க."

அவள் சிரித்துவிட்டாள். ஏனென்றால் அந்த ஊர் இங்கிலீஷ் அவள் வீட்டு முன்னறையில், ஜன்னலோர நாற்காலியில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கணவனின் அக்கா கல்யாணமான கையோடு அந்தப் பக்கம் போனவள். அவள் புருஷன் அங்கே பஸ் ஓட்டினான். அவள் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். பிள்ளைகள் இல்லை. புருஷன் போன பிறகு இரண்டு பெட்டிகளோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்தவளுக்கு முன்னறையைக் கொடுத்தார்கள். அது டப்பிங் அக்கா பயிற்சி செய்துவந்த அறை. கதவில் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, வெளிச் சத்தம் வராமல் அவளே ஏற்பாடு செய்திருந்த அறை. மெத்தை இறங்கியது. அன்று முதல் அவள் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஆமையாகவும் மாமியாராகவும் பேசிப் பார்த்தாள். நாத்தனார் ஜன்னலைத் திறப்பாள், இவள் மூடுவாள். நேருக்கு நேர் ஒரு சண்டையும் கிடையாது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட் எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். தினமும் அதுக்குள்ளதானே சாப்பிடறேன்" என்பான்.

நாத்தனாரின் பேச்சைப் பற்றியும் வீட்டில் ஒரு கிண்டல் உண்டு. வந்த புதிதில் படபடவென்றுதான் பேசினாள். நாளாக ஆகப் பேச்சு மெதுவாகி, வார்த்தைகளை வாய்க்குள்ளேயே மென்றுவிட்டு வெளியே விடுவதுபோல் ஆயிற்று. முப்பது வருஷம் வேறு பாஷை பேசிய வாய், வயதாக ஆக அந்தப் பாஷைக்கே திரும்பிப் போகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். "எங்கக்கா வாய்ல இருந்து அந்த ஊர்க் குளிர் இன்னும் எறங்கலை" என்பான் தம்பி. நாத்தனாரும் சிரிப்பாள். அங்கிருந்து பழைய சலவைக்கூடத்துத் தோழிகள் வாரம் தவறாமல் ஃபோன் செய்வார்கள். கொஞ்ச காலமாக அவள் அதை எடுப்பதில்லை. அடிக்கிற ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். "என்னத்தைப் பேசறது" என்பாள்.

டப்பிங் அக்கா அந்த நாற்காலிக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்க ஊர் இங்கிலீஷ் எனக்கு வேணும்."

"எதுக்கு, என்னைத் திட்டவா?"

"உங்களைத் திட்டறதுக்குத் தமிழே போதும். இது நடிக்கறதுக்கு."

விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் நிதானமாகக் கேட்டாள்.

"என் இங்கிலீஷா? அது துணி வெளுக்கறவளோட இங்கிலீஷ். மேல் மாடி டாக்டருங்களுக்கே பாதி புரியாது."

"அதுதான் வேணும்."

"தப்பாப் பேசினா திட்டுவேன்."

"அதெல்லாம் நீங்க ஏற்கனவே பண்றதுதானே."

மதிய வேளைகளில், கணவன் வேலைக்குப் போன பிறகு, முன்னறையில் அது நடந்தது. அந்த ஊரில் பஸ் கிடையாது, புஸ்தான். கப் கிடையாது, குப்தான். பொருளுக்கு முன்னால் வரும் 'தி' என்ற சொல்லை வாயால் சொல்லாமல் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறந்தால் போதும், கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். நாத்தனார் ஒரு வாக்கியம் சொல்வாள். டப்பிங் அக்கா தன் ஃபோனில் அதைப் படம் பிடித்து, ஒலியில்லாமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வாயை மட்டும் பார்ப்பாள்.

"நீ என்ன செவிடு மாதிரி வாயையே பார்க்கறே?"

"என் வேலையே அப்படித்தான் அண்ணி."

"எங்க வேலையும் அப்படித்தான்" என்றாள் நாத்தனார். சலவைக்கூடத்தில் இயந்திரங்களின் இரைச்சலில் காது எதற்கும் உதவாதாம். அறைக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வாயைப் பெரிதாக அசைத்தே எல்லாம் பேசுவார்களாம். மேற்பார்வைக்காரனைப் பற்றி அவன் முன்னாலேயே பேசுவார்களாம். "அவனுக்கு வாய் படிக்கத் தெரியாது. பாவம், நல்லவன்தான். ஆனா அவன் தொப்பையைப் பத்தி ஒரு நாள் விடாம பேசியிருக்கோம்." யாராவது விரிப்பைத் தப்பாக மடித்தால் கூப்பிட்டுச் சொல்ல முடியாது, மேஜையில் விரலால் ஒரு தட்டு. அதிர்வு மேஜையோடு போய்ச் சேரும். தப்பு என்று அர்த்தம்.

அதே தட்டுதான் இங்கேயும் வந்தது. டப்பிங் அக்கா சொல்வாள், நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேஜையில் தட்டு விழும். மறுபடி சொல்வாள். தட்டு விழாவிட்டால் சரி. அந்த அறைக்குள் முதன்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த நாட்களில்தான். ஜன்னல் திறந்திருந்தால் திறந்தே கிடந்தது.

அவள் தன் வழக்கப்படி மூச்சிலிருந்து தொடங்கினாள். அந்த ஊர்க்காரர்கள் வாக்கியத்தின் நடுவில் ஒரு தரம் நிற்கிறார்கள். சொல்லின் கடைசியை முடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் காற்று மூக்கு வழியாகப் போய்விடுகிறது. நாக்கு மேலண்ணத்தைத் தொடப் போய், தொடாமல் திரும்பிவிடுகிறது. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். அத்தனையையும் எடுத்துக்கொண்டாள். என்ன சோம்பலான, கனத்த, அழகான பேச்சு என்று நினைத்தாள். ஹெட்போன் சில இங்கிலீஷ் படங்களைப் பார்க்கச் சொன்னார். "வீட்டுல ஒரிஜினலை வெச்சுக்கிட்டு டூப்ளிகேட்டை எதுக்குண்ணே பார்க்கணும்" என்றுவிட்டாள்.

ஒரு மதியம் தேர்வுக்கான வசனத்தை முழுவதுமாகச் சொல்லிக் காட்டினாள். வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் தாய், வளர்ந்த மகனிடம் சமையலறைச் சாமான்களைப் பற்றிச் சொல்கிற வசனம். எதை யாருக்குக் கொடுக்க வேண்டும், எதை வீசிவிடலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஒரு இடத்திலும் தட்டு விழவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நாத்தனாரின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லை. இன்னைக்குப் போதும்."

எழுந்து குளியலறைக்குப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். பழைய ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, செத்துப்போன மனுஷனை நினைத்துக்கொண்டாள் என்று டப்பிங் அக்கா முடிவு கட்டினாள். அப்படி நினைவு வர வைத்ததே தன் வேலை பலித்ததற்கு அடையாளம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டாள்.

தேர்வு ஒரு வாடகை அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு கேமராவை நிறுத்தியிருந்தார்கள். இயக்குநர் சின்ன வயதுக்காரர். நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த பெரிய திரையில், அந்த ஊரிலிருந்தே ஒரு நரைத்த தலைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நடிகர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் என்றார்கள்.

டப்பிங் அக்கா நின்று மூச்சைப் பொருத்திக்கொண்டாள். தாடையைத் தளர்த்தினாள். பேசினாள்.

முடித்ததும் இயக்குநர் நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தார். "இந்தக் கனம்தான் வேணும். முப்பது வருஷக் களைப்பு வாயிலேயே தெரியுது. இதை அப்படியே வெச்சுக்குங்க" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தபடி தலையாட்டினார்கள்.

திரையில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டாள். நாத்தனாரிடம் என்றாள் இவள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெதுவாக, இவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி இங்கிலீஷில் சொன்னாள். புஸ்ஸும் குப்பும் அச்சு அசலாக எங்கள் பக்கத்துப் பேச்சு. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நிறுத்தம், மூக்கு வழியாகப் போகிற காற்று, முடியாத சொற்கள், இதெல்லாம் எங்கள் ஊர் இல்லை. எங்கள் ஆட்கள் வெடுக்கென்று பேசுவார்கள். என் அப்பா தன் கடைசி வருஷங்களில் இப்படிப் பேசினார்.

அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கள் நாத்தனாருக்குத் தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா?"

டப்பிங் அக்காவுக்கு அந்த இருமல் நினைவுக்கு வந்தது. இருமலுக்குப் பிறகு வரும் செருமலைக்கூட இப்போதுதான் இந்த அறையில், கேமராவுக்கு முன்னால், மிகச் சரியாகச் செய்து காட்டியிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. என் வேஷத்தைக் கெடுத்துவிட்டாளே என்ற ஆத்திரம்தான் வந்தது. அப்படி வந்ததே என்று வெட்கம் அதற்குப் பின்னால் வந்தது. இத்தனை வருஷம் வாயைப் பார்த்துப் பிழைத்தவள். தினமும் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து அந்த வாயையே பார்த்தவள். தேநீர்க் குவளையை நாத்தனார் இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்திருக்கிறாள். சட்டையின் மேல் பொத்தான் சில நாட்களாகப் போடாமலே கிடப்பதையும் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்து, அது அந்த ஊர் என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

நாத்தனார் ஜன்னலோரத்தில்தான் இருந்தாள்.

"எப்படிப் போச்சு?"

"புடிச்சிருக்காம். இன்னொரு தடவை கூப்பிட்டிருக்காங்க."

நாத்தனார் அவள் வாயையே பார்த்தாள். "அப்புறம்?"

"அண்ணி, தண்ணி குடிச்சா எவ்வளவு நாளா இருமல் வருது?"

தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"யாரு கண்டுபிடிச்சா?" என்றாள் நாத்தனார்.

டப்பிங் அக்கா தன் வழக்கமான இடத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகமா இருந்துச்சு. மூஞ்சின்னா கண்ணாடில பார்த்துக்கலாம். பேச்சை எதுல பார்க்கறது? அன்னைக்கு நீ முழுசாப் பேசிக் காட்டினே பாரு." ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அதுல பார்த்துட்டேன்."

"அப்பவே தட்டியிருக்கலாமே."

"தட்டினா, எது தப்புன்னு கேப்பே. நான் சொல்லணும். சொன்னா நீங்கல்லாம் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவீங்க. நீயும் வந்து உட்கார மாட்டே."

"தப்புன்னு தெரிஞ்சே என்னை அனுப்பினீங்க."

"ஆமா."

நாத்தனாரே மேலே சொன்னாள்: "இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து என்கிட்ட யாரும் எதையும் கேட்டதில்லை. சாப்பிட்டியான்னுதான் கேப்பீங்க. நீ வந்து எதிர்ல உட்கார்ந்து, என் வாயில இருந்து வர்றதெல்லாம் தங்கம் மாதிரி எடுத்துக்கிட்டே. எனக்கு அது வேண்டியிருந்துச்சு."

டப்பிங் அக்கா எழுந்து போய்ச் சாயங்காலச் சமையலைப் பார்த்தாள். பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். அவற்றை மெதுவாக வைக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மருத்துவமனைக்குக் கணவன் வேலையிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். ஊசியால் குத்திப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நாக்குக்கும் தொண்டைக்கும் போகிற நரம்புகள் என்றார் டாக்டர். வேகத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது, நிறுத்த இல்லை. கைக்கும் வரலாம், பேச்சு இன்னும் குறையும் என்று அவர் நாத்தனாரைப் பார்த்தே நேராகச் சொன்னார். வெளியே பெஞ்சில் தம்பி தன் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அந்த ஊர்க் குளிர் எறங்கலைன்னு நான்தானே சொல்லிட்டே இருந்தேன்" என்றான்.

"நல்ல ஜோக்குதான்" என்றாள் அக்கா. "நானும் சிரிச்சேனே. எழுந்திரு, லிஃப்ட்ல போகலாம். உன் கம்பெனி லிஃப்ட்டுன்னா வேண்டாம், படில போகலாம்."

இரண்டாவது தேர்வுக்கு நாள் குறித்து வந்தது. பயிற்சிக்காரப் பெண் தன் பேச்சைப் பதிவு செய்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். நாத்தனார் அவள் எந்த ஊர் என்று விசாரித்தாள். பெயரைச் சொன்னதும் உதட்டைச் சுளித்தாள்.

"அவ ஆத்துக்கு அந்தப் பக்கம். அவங்களுக்குப் பேசவே தெரியாது."

"அவங்கதான் அண்ணி அங்க பயிற்சி குடுக்கறவங்க."

"அதான் அந்த ஊர் உருப்படலை. நான் சொல்லித் தரேன். நான் முன்னால பேசின மாதிரி."

"எப்படி அண்ணி?"

"நான் பேச மாட்டேன். நீ பேசு. நான் தட்டறேன்."

அது மாதிரி ஒரு வேலையை டப்பிங் அக்கா அதுவரை செய்ததில்லை. பார்ப்பதற்கு அந்தப் பழைய வாய் இல்லை. எதிரே இருக்கும் வாயில் எது ஊர், எது வியாதி என்று பிரித்து, வியாதியை ஒவ்வொரு இழையாக உருவி எடுக்க வேண்டும். நிறுத்தத்தை எடுத்தாள். தட்டு விழவில்லை. மூக்குக் காற்றை அடைத்தாள். தட்டு விழுந்தது, அதிகமாக அடைத்துவிட்டாள். சொல்லின் கடைசியை முடித்தாள். தட்டு. ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி இருக்கிறது என்று நாத்தனார் மூக்கை நிமிர்த்திக் காட்டினாள். இன்னும் வெடுக்கென்று, இன்னும் கொஞ்சம் கோபமாக. நாத்தனார் இரண்டு கையாலும் காற்றில் விரிப்பை உதறி மடிப்பதுபோல் செய்து காட்டினாள். அந்த வேகத்துக்கு வார்த்தையைக் கட்டச் சொல்கிறாள் என்று இவளுக்குப் புரிந்தது. இல்லாத விரிப்பின் மறுமுனையை இவள் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உதறி, மடித்து, எதிரே நடந்து வந்து முனையைக் கொடுத்து, மறுபடி பின்னால் போய், அதோடு அந்தத் தாயின் வசனத்தைப் பேசினாள்.

தட்டு நின்றுபோயிற்று. வசனம் முடிந்தபோது நாத்தனார் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

"அது நான்தான்" என்றாள்.

கூட்ட அறையில் மறுபடி அதே கேமரா, அதே திரை. டப்பிங் அக்கா அந்தப் பேச்சைப் பேசினாள். திரையில் இருந்த பெண் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆற்றின் அந்தக் கரைக்காரியா உங்கள் நாத்தனார், முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்றாள்.

இயக்குநர் மறுபடி நகத்தைக் கடித்தார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு ஒரு கனம் இருந்துச்சே. அதை ஒரு தடவை பண்ணுங்க."

இருபது வருஷப் பழக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு தடவை என்று சொன்னால், எதற்கு என்று கேட்கும் முன்பே வாய் தயாராகிவிடும். இப்போதும் தாடை தானாகத் தளர்ந்தது. நாக்கு பின்னால் போய், தொடாமல் நிற்க இடம் தேடியது. அதைச் செய்தால் வேஷம் அவளுடையது. அறையில் எல்லோருக்கும் அது தெரியும். திரையில் இருந்த பெண் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அது வராதுங்க சார்."

"அன்னைக்கு வந்துச்சே."

"வந்துச்சு. அதைத் திரும்பப் பண்ண மாட்டேன்."

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

வீட்டில் நாத்தனார் கேட்டபோது, "யோசிச்சுச் சொல்றாங்களாம்" என்றாள். மேஜையில் தட்டு விழுந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நடந்ததைச் சொன்னாள்.

"லூசு" என்றாள் நாத்தனார். அந்தச் சொல் முழுதாக வருவதற்கு நேரம் பிடித்தது. "குடுத்திருக்கலாமே. எனக்கு அது வேண்டாத சாமான். யாராவது எடுத்துட்டுப் போனா ஒரு பிரயோஜனமாவது இருந்திருக்கும்."

அது கிண்டலா, கோபமா என்று டப்பிங் அக்காவால் சொல்ல முடியவில்லை. முன்பானால் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துச் சொல்லியிருப்பாள். இப்போது நாத்தனாரின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

வேஷம் வேறொருத்திக்குப் போயிற்று. அதைச் சொல்ல ஹெட்போன் உடனே கூப்பிடவில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகுதான் கூப்பிட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"படம் எடுத்து முடிச்சுட்டாங்கம்மா. நடிப்பு நல்லா வந்திருக்காம். இங்கிலீஷ்தான் வரலையாம். அந்தப் பயிற்சிக்காரம்மா உன்னைத்தான் சொல்லியிருக்காங்க. நீ ரெண்டாவதாப் பேசின பேச்சு வேணுமாம். அந்தப் பொண்ணு முகத்துக்கு."

அவள் ஃபோனைக் காதில் வைத்தபடியே முன்னறைக்கு வந்தாள். நாத்தனார் இப்போது அநேகமாகப் பேசுவதில்லை. கதவில் மெத்தை திரும்பத் தொங்கியது. அதைத் தொங்கவிடச் சொல்லிக் கையைக் காட்டியவளே நாத்தனார்தான். டப்பிங் அக்கா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"மறுபடியும் இன்னொருத்தி வாய்க்கு, அண்ணி. அதுவும் உங்க பேச்சு. போகவா, வேண்டாமா?"

நாத்தனார் அவளைப் பார்த்தாள். மேஜை மேல் இருந்த விரல் ஒரு தட்டுத் தட்டியது.

தப்பு. வேண்டாம் என்கிறாள். டப்பிங் அக்கா கையை ஃபோனிலிருந்து எடுக்கப் போனாள். விரல் மறுபடி தட்டியது. அப்புறம் மறுபடி. நாத்தனார் குனிந்து தன் விரலைப் பார்த்தாள், வேறு யாருடைய பொருளையோ பார்ப்பதுபோல. அது தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது.

கைக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டப்பிங் அக்கா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே அந்தத் துடிப்பு நிற்கவில்லை. ஆமாம் என்றும் இல்லை என்றும் இனி அந்த மேஜையிலிருந்து ஒன்றும் வராது. அவளேதான் சொல்லியாக வேண்டும். ஃபோனில் ஹெட்போன், "இருக்கியாம்மா?" என்றார்.

"இருக்கேண்ணே. வரேன்" என்றாள். "ஆனா மைக்கை ஆன் பண்ணாதீங்க. அந்தப் பொண்ணு வாயை முதல்ல சத்தமில்லாம எனக்கு ஒரு தடவை காட்டுங்க."